குமுறல் திடீரென்று வருவதா?

தோட்டப்பிள்ளை, பந்திங்:
எங்கள் பாட்டிக்கு இடியும் குமுறும், மனசும் குமுறும். எரிமலைக்கும் அதே சொல்தான். இதெல்லாம் திடீரென்று வருவதா, இல்லை உள்ளே சேர்ந்து சேர்ந்து வருவதா?

லயத்து அக்கா:
சேர்ந்து வருவதுதான் தம்பி. பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் வாயு, மேலே வர வர அழுத்தம் குறைந்து குமிழியாகப் பெருத்து வெடிக்கிறது. இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை 1883 ஆகஸ்ட் 27-இல் வெடித்துச் சிதறியது, ஆனால் மே மாதமே புகைய ஆரம்பித்துவிட்டது. சத்தம் ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர் தள்ளி ரொட்ரிக்ஸ் தீவுவரை கேட்டது.

பழைய மண்டோர்:
1941-இல் மலாயாவின் கிள்ளான் ரப்பர் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தமும் அப்படித்தான். கூலி மட்டுமா காரணம்? துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும், அந்த அவமானம் எத்தனை வருடம் நெஞ்சில் கிடந்தது! மே மாதம் தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்ததும் தோட்டம் தோட்டமாகப் பொங்கியது.

தோட்டப்பிள்ளை:
சைக்கிள் கதையைப் பாட்டியும் சொல்வார் அண்ணே. இன்றிரவே முழுசாகக் கேட்கிறேன்.