தேர்ட் பார்ட்டி பொம்மைக்குத் தமிழில் என்ன சொல்வது?

கயல்:

அனைவருக்கும் வணக்கம். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், அதாவது வண்டியாகவும் ரோபோவாகவும் மாற்றி மடக்கக்கூடிய பொம்மைகள், அவற்றைச் சேகரிப்பவர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன் (வரைவு இணைப்பில்). வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். 'தேர்ட் பார்ட்டி' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். அவற்றைத் தயாரிக்கும் ஹாஸ்ப்ரோ, டக்காரா டோமி நிறுவனங்கள் இரண்டிடமும் உரிமம் வாங்காமல், அவர்களுடைய பாத்திரங்களைத் தாங்களே புதிதாக வடிவமைத்து விற்கிறார்களே, அந்தப் பொம்மைகள்.

'மூன்றாம் தரப்புப் பொம்மை' என்று போட்டிருந்தேன். படித்த என் தங்கை, "ஏன்க்கா, மூணாந்தரப் பொம்மைக்கா இவ்வளவு விலை கொடுக்கிறாங்க?" என்றாள். இரண்டு நொடியில் மறைகிற வரியில் 'ப்பு' யார் கண்ணிலும் படாது. 'போலி' என்றும் போட முடியாது. அப்படியே நகலெடுத்த 'நாக் ஆஃப்' தனியாக வருகிறது, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் படமே.

அருளப்பன்:

அன்புள்ள கயல், 'போலி'யை அவ்வளவு சீக்கிரம் தள்ளாதீர்கள். 'போல்' என்பதிலிருந்து வந்த சொல், அதில் இழிவு கிடையாது. 'நிலம்' 'நிலன்' ஆனால் கடைப்போலி, பொருள் கெடுவதில்லை. 'இல்முன்' முன்பின்னாக மாறி 'முன்றில்' ஆனால் இலக்கணப்போலி. உறுப்புகள் இடம் மாறியும் பொருள் அதேதான். லாரி மடங்கி மனிதனாவதும் இதுதானே?

ஆனாலும் இந்தப் பொம்மைக்கு என் சொல் 'வழிப்பொம்மை'. நன்னூல் நூலை முதல், வழி, சார்பு என்று மூன்றாக்குகிறது. முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து, 'பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி' வருவது வழிநூல். இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்குமா?

ரமணன்:

அருளப்பன் ஐயாவுக்கு வணக்கம். நான் டொராண்டோவில் இருக்கிறேன், இங்கே நடக்கிற டிஎஃப்கான் என்ற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரசிகர் மாநாட்டுக்குப் போகிறவன். விளக்கம் அருமை. ஆனால் 'போலி மருந்து', 'போலி டாக்டர்' என்று பேப்பரில் படிக்கிறவருக்குக் கடைப்போலியா ஞாபகம் வரும்?

பொம்மையைக் கையில் எடுத்துச் சொல்கிறேன். என் மேசையில் டிஎஃப்சி என்ற தேர்ட் பார்ட்டி நிறுவனம் செய்த ஹெர்குலிஸ் நிற்கிறது. ஆறு கட்டுமான வண்டிகள் சேர்ந்த ஒரே உருவம். பார்த்த உடனே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையில் வரும் டிவாஸ்டேட்டர் என்று தெரியும், ஆனால் பெட்டியில் அந்தப் பெயர் இல்லை. அவன் சேர்ந்த வில்லன் அணியான டிசெப்டிகானின் முகச்சின்னமும் இல்லை. அது இருக்க வேண்டிய இடம் வெறும் பிளாஸ்டிக். ஸ்டிக்கரை நான் வேறிடத்தில் வாங்கி, சிறு இடுக்கியால் ஒட்டினேன். இது வரத் தொடங்கியது 2011இல். ஹாஸ்ப்ரோ அந்த அளவுக்கு ஒரு டிவாஸ்டேட்டரை விற்றது 2015இல். இடையில் நாலு வருசம் எங்களுக்கு வேறு யார் இருந்தார்கள்?

நாக் ஆஃப் வேறு. அது ஹாஸ்ப்ரோவின் பொம்மையையே பார்த்து அச்செடுப்பது. அதற்கு 'அச்சுப்போலி' என்று போடலாம். தேர்ட் பார்ட்டிக்காரர் அச்சும் மூட்டும் சொந்தமாகச் செய்கிறார், எடுத்துக்கொள்வது முகத்தை மட்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் எனக்கு மனம் வலிக்கும்.

இன்னொன்று. ஃபேன்ஸ்புராஜெக்ட் என்ற இன்னொரு தேர்ட் பார்ட்டி நிறுவனத்தின் சிட்டி கமாண்டர் மாதிரிக் கவசத் தொகுதிகள் இருக்கின்றன. உள்ளே ஹாஸ்ப்ரோவின் பொம்மையை வைத்தால்தான் முழுமையாகும். ஐயாவின் 'சார்பு' அதற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

தேன்மொழி:

'அச்சுப்போலி'க்கு என் ஓட்டு. 'வழிப்பொம்மை' வேண்டாம். வழிப்பறி மாதிரிக் கேட்கிறது என்பது ஒரு பக்கம். பெரிய காரணம் சட்டத்தில் இருக்கிறது. மூலப் படைப்பிலிருந்து வழிப்படைப்பு செய்யும் உரிமையை அமெரிக்கச் சட்டம் மூலத்தின் உரிமையாளருக்கே கொடுக்கிறது. 'இது வழிப்பொம்மை' என்று சொன்னாலே மீறலை ஒப்புக்கொண்டதாகிவிடும். நன்னூலில் கௌரவமான சொல், வழக்குமன்றத்தில் வாக்குமூலம்.

கயல், உங்கள் வரைவில் எல்லா இடத்திலும் 'காப்புரிமை' என்று இருக்கிறது. பிரித்து எழுதுங்கள். பாத்திரத்தின் உருவத்துக்குப் பதிப்புரிமை, கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை, பெயருக்கும் சின்னத்துக்கும் வணிகக்குறி. ரமணனின் பொம்மையில் அந்த இடம் வெறுமையாக இருப்பது வணிகக்குறிக்குப் பயந்துதான். லெகோ கட்டையின் காப்புரிமை முடிந்த பிறகு வணிகக்குறியைக் காட்டி, அதே மாதிரிக் கட்டை செய்த மெகா பிளாக்ஸைத் தடுக்கப் பார்த்தார்கள். 2005இல் கனடா உச்ச நீதிமன்றம் மறுத்தது. லெபின் என்ற சீன நிறுவனத்தின் கதை நேர்மாறு. லெகோவின் தொகுப்புகளையே நகலெடுத்தவர்களில் முதன்மையானவருக்கு 2020இல் ஷாங்காய் நீதிமன்றம் 6 ஆண்டு சிறையும் 9 கோடி யுவான் அபராதமும் விதித்தது. ஒரே சொல்லில் அடக்கினால் இந்த இரண்டும் ஒரே குற்றமாகத் தெரியும்.

அப்புறம், 'என்ஃபோர்ஸ்மென்ட்'டுக்கு 'அமலாக்கம்' என்றால் நம்மூரில் அமலாக்கத்துறை சோதனைதான் கண்ணில் வரும். 'உரிமையை நிலைநாட்டல்' போடலாம். 'சீஸ் அண்ட் டெசிஸ்ட்' வரும் இடத்தில் 'வக்கீல் நோட்டீஸ்' போதும், எல்லோருக்கும் புரியும். 2013இல் ஹாஸ்ப்ரோவின் மை லிட்டில் போனி கார்ட்டூன் ரசிகர்கள் செய்துகொண்டிருந்த சண்டை வீடியோ விளையாட்டை ஹாஸ்ப்ரோ நிறுத்தியது அப்படிப்பட்ட நோட்டீஸால்தான்.

பொம்மைக்கு 'உரிமம் பெறாத பொம்மை'. நேரடியாகப் புரியும்.

ரமணன்:

இங்கே இலங்கைத் தமிழர் காப்புரிமையை 'ஆக்கவுரிமை' என்போம். குழப்பமே வராது. 'உரிமம் பெறாத' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. படம் தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதுகிற சொல் அது. பார்க்கிறவர் பிறகு எங்களைத் திருட்டுப் பொருள் வாங்கினவர்களாகத்தான் பார்ப்பார்.

அருளப்பன்:

வழக்குமன்றத்துக்கு அஞ்சி ஈராயிரம் ஆண்டு மரபைக் கைவிடுவதா? தொல்காப்பியமே மொழிபெயர்ப்பை வழிநூலில்தான் சேர்க்கிறது. கயல் இப்போது செய்வதும் வழிநூல்தான்!

கயல்:

ஐயா, நான் உரிமம் வாங்கிய மொழிபெயர்ப்பாளர். :)

நேரமில்லை. 'வெளியார் பொம்மை' எப்படி? சின்னது, தரம் பற்றிப் பேசாது, 'பார்ட்டி' என்பது 'ஆர்' விகுதியில் வந்துவிடுகிறது. அச்சுப்போலியோடும் குழம்பாது.

தேன்மொழி:

சரி. முதல் தடவை வரும்போது மட்டும் 'உரிமம் பெறாத வெளியார் பொம்மை' என்று போட்டுவிடுங்கள்.

ரமணன்:

ஹெர்குலிஸை வெளியார் என்று கூப்பிட வாய் வரவில்லை. என்றாலும் மூன்றாம் தரத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆதரிக்கிறேன்.

அருளப்பன்:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். வெளியார் என்றால் அயலார். அந்த உருவத்தின் மேல் இத்தனை ஆசை வைத்து மூட்டு மூட்டாகச் செய்தவன் எப்படி அயலான் ஆவான்? சார்பு நூல் பற்றி ரமணன் எழுதியதற்கு நாளை விரிவாக எழுதுகிறேன்.

கயல்:

'வெளியார் பொம்மை', 'அச்சுப்போலி', 'வக்கீல் நோட்டீஸ்' மூன்றையும் போட்டு அனுப்பிவிட்டேன். கவசத் தொகுதிக்கு இன்னும் சொல் இல்லை. இரண்டாம் பாகத்தில் பதினோரு இடத்தில் வருகிறது.