ட்யூப் 20 வாட், சோக் 40 வாட்: அப்பாவின் டிராயிங் போர்டு விளக்குக்கு எது சரி?

போர்டுவிளக்கு: அப்பா வரைபட வேலை பார்த்த காலத்து விளக்கு இது. ரெண்டடி ட்யூப் ரெண்டு, ஸ்டார்ட்டர் ரெண்டு, சோக் மட்டும் ஒண்ணு. அதில் 40 வாட், 0.43 ஆம்பியர் என்று எழுதியிருக்கு. ட்யூப்பில் 20 வாட். சில வருஷம் முன்னாடி ஒரு பக்கத்து ஹோல்டர் உடைஞ்சப்போ, ரிப்பேருக்கு வந்தவர் அந்தப் பக்கத்தை வயரால் சேர்த்துவிட்டார். அன்னிக்கிலிருந்து மிச்சமிருந்த ஒத்தை ட்யூப் அடிக்கடி முனை கறுத்துப் போகுது. இப்போ ஹோல்டர் மாற்றி, பழையபடி ரெண்டு ட்யூப் போட்டேன். எரியவே இல்லை. என்ன செய்யலாம்?

காப்பர்வேண்டாம்: சோக்கே தப்பு சார். ட்யூப் எத்தனை வாட்டோ சோக்கும் அத்தனை வாட் இருக்கணும். 20 வாட் சோக் ரெண்டு வாங்கித் தனித்தனியா போடுங்க. இல்லைன்னா ரெண்டு ட்யூப்புக்கான எலக்ட்ரானிக் சோக் ஒண்ணு போட்டா ஸ்டார்ட்டரும் வேண்டாம், இரைச்சலும் இருக்காது.

வயர்மேன்_ஓய்வு: தம்பி, அவசரப்பட்டு அந்த சோக்கைக் கழற்றிடாதீங்க. விளக்கு செய்தவர் யோசிச்சுத்தான் போட்டிருக்கார். சோக்கின் வேலை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துறது. அதனால வாட்டுக்கு முன்னாடி ஆம்பியரையும் ட்யூப்பின் வோல்ட்டையும் பாருங்க. நாலடி 40 வாட் ட்யூப் எரியும்போது அதன் குறுக்கே சுமார் 103 வோல்ட், 0.43 ஆம்பியர். ரெண்டடி 20 வாட் ட்யூப்புக்கு 57 வோல்ட், 0.37 ஆம்பியர். ரெண்டு சின்ன ட்யூப்பைத் தொடராக இணைச்சா 114 வோல்ட். சோக்குக்கு நாலடி ட்யூப்பும் இந்த ஜோடியும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

உங்க ஒத்தை ட்யூப் ஏன் கறுத்ததுன்னும் இதிலேயே தெரியும். ஒரு பக்கத்தை வயரால் சேர்த்ததும் சோக்குக்கு எதிரே 57 வோல்ட்தான் மிச்சம். 0.37 கேட்கிற ட்யூப்புக்குள்ள அரை ஆம்பியர் அளவுக்கு ஓடியிருக்கும். ஃபிலமென்ட் மேல் பூசின பேரியம் கலவை தெறிச்சுக் கண்ணாடியில ஒட்டுறதுதான் அந்தக் கறுப்பு. அது தீர்ந்தா ட்யூப் தீர்ந்தது. அந்த ரிப்பேர் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம். ஹோல்டர் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

காப்பர்வேண்டாம்: ஐயா, தொடர்னா இப்போ ஏன் எரியலை?

வயர்மேன்_ஓய்வு: ஸ்டார்ட்டர் மேல் என்ன எழுதியிருக்கு?

போர்டுவிளக்கு: ரெண்டுமே 4-65 வாட். வழக்கமா வீட்டில் போடுறது.

வயர்மேன்_ஓய்வு: அதுதான் காரணம். அது முழு 230 வோல்ட்டுக்கு ஆனது. தொடரில் ஆளுக்குப் பாதியாகப் பிரிஞ்சு 115 வோல்ட் அளவுதான் கிடைக்கும், அதுக்குள்ளே இருக்கிற வாயு ஒளிராது. ஒத்தை ட்யூப்புக்கு முழு வோல்ட்டும் வந்ததால் எரிஞ்சது. 4-22 வாட் என்று எழுதின ஸ்டார்ட்டர் ரெண்டு வாங்குங்க. ட்யூப் தடித்த 20 வாட்டாக இருந்தாலும் சரி, 26 மி.மீ. 18 வாட்டாக இருந்தாலும் சரி. ரெண்டுக்கும் மின்னோட்டம் ஒண்ணுதான்.

காப்பர்வேண்டாம்: தொடர் விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா பழைய சோக்கை வைத்துக்கொள்வதில் இன்னும் உடன்பாடில்லை. ஒரு ட்யூப் போனா ரெண்டும் அணையும். காப்பர் சோக், அதாவது கம்பிச் சுருள் உள்ள இந்தப் பழைய வகை, 10 வாட் அளவுக்குச் சும்மா சூடாக்கியே தின்னும். நொடிக்கு 100 தடவை மினுக்கும், கோடு போடுறவர் கண்ணுக்கு அது நல்லதில்லை. எலக்ட்ரானிக் சோக் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடுது, மினுக்கல் தெரியாது. எல்லாத்துக்கும் மேல, பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கிற மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-ல் கூடி, பாதரசம் உள்ள நீள் ட்யூப்களின் தயாரிப்பை 2027-க்குள் நிறுத்த முடிவு செஞ்சாச்சு. எத்தனை நாளைக்கு ட்யூப் தேடுவீங்க?

பழையதேபோதும்: மினுக்கலும் ட்யூப் தட்டுப்பாடும் நியாயமான கேள்விதான். ஆனா இந்த விளக்கில் சோக் அடிப்பெட்டிக்குள்ளே இருந்தா, விளக்கின் நீட்டின கை முன்பக்கம் சாயாம பிடிச்சு நிறுத்துறதே அந்தக் கனம்தான். என் விளக்கில் சோக்கை எடுத்துட்டு எலக்ட்ரானிக் மாற்றினேன், கையை நீட்டினதும் மேசையில் கவிழ்ந்தது. கடைசியில் இரும்புத் துண்டு ஒண்ணு உள்ளே வைத்தேன். விலை குறைந்த எலக்ட்ரானிக் சோக்குகளில் பல ஃபிலமென்டைச் சூடாக்காமலே ட்யூப்பை ஏற்றிவிடும். அடிக்கடி போட்டு அணைக்கிற மேசை விளக்கில் அதுவும் முனையைக் கறுக்க வைக்கும்.

காப்பர்வேண்டாம்: கனம் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சரி, காப்பரே இருக்கட்டும். ஆனா உடம்பு முழுக்க இரும்பு, எர்த் இருக்கா? பழைய சோக்கின் சுருள் காப்பு (இன்சுலேஷன்) பொரிஞ்சிருந்தா கை வைக்கிறவருக்கு அடிக்கும்.

வயர்மேன்_ஓய்வு: எர்த் விஷயத்தில் காப்பர்வேண்டாம் சொல்றதுதான் சரி. ப்ளக்கைப் பிடுங்கிட்டு, சோக்குக்கும் உடம்புக்கும் இடையே மெக்கர் (காப்பு சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பாருங்க. காப்பு போயிருந்தா அப்பா சோக் என்று பார்க்காதீங்க, அதே 40 வாட், 0.43 ஆம்பியர் சோக் புதுசா போடுங்க.

போர்டுவிளக்கு: காப்பு நல்லா இருக்கு. ரெண்டு கம்பி வயரை எடுத்துட்டு மூணு கம்பி போட்டு, எர்த்தை அடிப்பெட்டியில் முடுக்கினேன். 4-22 ஸ்டார்ட்டர் போட்டதும் இடது ட்யூப் ரெண்டு தடவை மின்னிச்சு, பிறகு ரெண்டும் சேர்ந்து நிலையா எரியுது. மின்னோட்டம் அளக்கிற கிளாம்ப் மீட்டரில் 0.40 ஆம்பியர் காட்டுது. 18 வாட் ட்யூப் நாலு உபரியா வாங்கி வைத்துட்டேன்.