சதையிப் (கணையப்) புற்றுநோய்: கதிர்ச் சிகிச்சையோடு வாக்சினும் சேர்த்தால் பலன் உண்டா?

தெகிவளை வாசி:
கட்டி இரத்தக் குழாயைச் சுற்றிவிட்டதால் ஆபரேஷன் செய்ய ஏலாது. கதிரோடு வாக்சினும் கொடுத்தால் உடம்பே கட்டியை எதிர்க்கும் என்று வாசித்தேன். கதிர் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் என்கிறார்களே, எப்படி ஒத்துவரும்? கொழும்பில் கிடைக்குமா?

கதிர்ப்பௌதிகம்:
இரண்டும் உண்மைதான். கதிர் பட்ட புற்றுக் கலத்தில் டிஎன்ஏ துண்டுகள் கலக்கருவுக்கு வெளியே கசியும். அதை வைரஸ் என்று எண்ணி கலம் இன்டர்பெரோன் என்ற எச்சரிக்கைப் பொருளைச் சுரக்கும், புற்றைக் கொல்லும் வெள்ளைக் கலங்களான டி கலங்கள் வந்து சேரும். ஆனால் ஒரே தடவையில் 12 - 18 கிரேயை (கிரே என்பது கதிரின் அளவு) தாண்டினால் ட்ரெக்ஸ்1 என்ற நொதியம் கூடி அந்தத் துண்டுகளை அழித்துவிடும் (2017 ஆய்வு). மறுபக்கம், ஐந்தாறு கிழமை அகலமான பரப்பில் கொடுத்தால் மண்ணீரலிலும் ஓடும் இரத்தத்திலும் கதிர் பட்டு லிம்போசைட் (டி கலங்களும் அடங்கிய வெள்ளைக் கலங்கள்) எண்ணிக்கை விழும். வாக்சின் பழக்க வேண்டிய கலங்களே அவைதான். அதனால்தான் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஜிவாக்ஸ் வாக்சினோடு சோதித்தபோது குறுகிய பரப்பில் நாளுக்கு 6.6 கிரே, 5 நாள் என்று வைத்தார்கள்.

முன்சிறுகுடல் சதையியின் தலையை அணைத்தபடி கிடக்கிறது. அதில் டோஸ் கூடினால் புண்ணாகி இரத்தம் கசியும். எண்டொஸ்கோப்பி வழியாக அரிசிமணி அளவு தங்கக் குறிகளைக் கட்டியில் வைத்து, மூச்சசைவைக் கட்டுப்படுத்தித்தான் குறிவைப்பார்கள். திட்டமிடும் ஸ்கானுக்கு வெறுவயிற்றோடு போனால் ஒவ்வொரு நாளும் அப்படியே போக வேண்டும்.

ஒன்கோ தாதி:
தம்பி, இந்தப் புற்றுநோய்க்கு வாக்சின் எதுவும் இன்னும் வழமையான மருந்தாகவில்லை, சோதனைகளுக்குள் மட்டுமே. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ தனியாரிலோ வாங்க முடியாது. அல்ஜென்பான்டுசெல் என்ற வாக்சின் 2016இல் பெரிய சோதனையில் ஆயுளைக் கூட்டவில்லை. 2023இல் பேசப்பட்ட எம்ஆர்என்ஏ வாக்சின் 16 பேரில் 8 பேருக்கு டி கலங்களை எழுப்பியது, மெய்தான். ஆனால் அவர்களுக்குக் கட்டியை வெட்டி எடுத்த பிறகு கொடுத்தது, கதிரும் இல்லை. அதைக் காட்டி யாராவது பணம் கேட்டால் சோதனைப் பதிவு இலக்கத்தைக் கேளுங்கோ.

தெகிவளை வாசி:
நன்றி அக்கா. சத்திக்கு டெக்ஸமெதசோன் என்ற ஸ்டீரொயிட் கொடுக்கிறார்கள். அது எதிர்ப்பைக் கெடுக்காதா?

ஒன்கோ தாதி:
லிம்போசைட்டைக் குறைக்கும். வெளிநாட்டுச் சோதனை ஒன்றில் சேர எண்ணினால், ஸ்டீரொயிட் எடுப்பதை முதலிலேயே சொல்லுங்கோ, பல சோதனைகள் அதை ஏற்காது. நீங்களாக நிறுத்த வேண்டாம், ஒன்டன்செட்ரோன் என்ற வேறு சத்தி மருந்து போதுமா என்று டொக்டரிடம் கேளுங்கோ. இன்னொன்று, பித்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) இருந்தால் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்ததும் ஊசி போட்டதால் வந்த காய்ச்சல் என்று பனடோல் கொடுத்து வீட்டில் வைத்திருக்காதீங்கோ. ஸ்டென்ட் அடைத்திருக்கலாம். இரவென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ.