சென்னை வாடகை வீட்டு அட்வான்ஸ்: மூன்று மாதமா, பத்து மாதமா?

வாடகைவாசி:
"சென்னையில் வீடு தேடுகிறவர்கள் பத்து மாத அட்வான்ஸோடு வாருங்கள், அதுதான் முறை" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். எது முறை? தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் 11-ஆம் பிரிவு அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்கிறது. போன மாதம் வேளச்சேரியில் ஏழு வீடு ஏறி இறங்கினேன். 18,000 வாடகைக்கு 1,80,000 கேட்கிறார்கள். மூன்று மாதம் என்று ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

மாடிவீட்டுக்காரர்:
எழுதியது நான்தான். அந்தப் பிரிவு எப்படி ஆரம்பிக்கிறது என்று பார்த்தீர்களா? வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான் மூன்று மாதம். நாம் இரண்டு பேரும் பத்து என்று கையெழுத்துப் போட்டால் பத்துதான். பாதியைப் படித்துவிட்டுப் பாடம் எடுக்க வராதீர்கள்.

வாடகைவாசி:
இரண்டு பேரும் பேசி முடிவு செய்தால் அது ஒப்பந்தம். நீங்கள் டைப் அடித்து வைத்திருக்கும் தாளில் நான் கையெழுத்து மட்டும் போடுவது என்ன ஒப்பந்தம்? மூன்று மாதம்.

மாடிவீட்டுக்காரர்:
பிடிக்காவிட்டால் போடாதீர்கள். உங்கள் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை.

வாடகைவாசி:
ஜூனில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். இருக்கிற வீட்டை மாதக் கடைசியில் காலி செய்யணும். இதற்கு மேல் கத்தி வேறு வேண்டுமா?

நங்கநல்லூர் மீனா:
மூன்றோ பத்தோ, கொடுத்த பணம் திரும்பி வருகிறதா? அதைப் பேசுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் தரணும் என்று அதே 11-ஆம் பிரிவில் இருக்கிறது. நாங்கள் காலி செய்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டுக்காரர் டார்ச் அடித்து ஆணி ஓட்டைகளை எண்ணினார். பதினான்கு. அதில் இரண்டு நாங்கள் குடிவருவதற்கு முன்பே இருந்தவை, அதன்மேல்தான் காலண்டர் மாட்டியிருந்தோம். கடைசியில் பெயின்டுக்கு என்று 22,000 பிடித்துக்கொள்வேன் என்கிறார். வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே போட்டிருக்கிறது.

மாடிவீட்டுக்காரர்:
அம்மா, மீதிப் பன்னிரண்டு ஆணியை அடித்தது யார்? என் வீட்டில் இருந்தவர் ஐந்து மாத வாடகை பாக்கி வைத்து, கரண்ட் பில்லும் கட்டாமல், போகும்போது கீசர் ஒயரையும் பிடுங்கிக்கொண்டு போனார். மூன்று மாத அட்வான்ஸ் வாங்கியிருந்தால் மீதியை யார் தருவார், வாடகைவாசி தருவாரா?

வாடகைவாசி:
இரண்டு மாதம் வாடகை தராவிட்டாலே காலி செய்யச் சொல்லி மனுப் போடலாமே. ஐந்து மாதம் ஏன் சும்மா இருந்தீர்கள்?

மாடிவீட்டுக்காரர்:
மனுப் போடலாம். போட்டுவிட்டு அலைந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். ஒப்பந்தத்தில் பத்து என்றால் பத்து.

வாடகைவாசி:
சரி, ஒப்பந்தம் ஒப்பந்தம் என்கிறீர்களே, உங்கள் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தீர்களா? அதுவும் அதே சட்டம்தான்.

மாடிவீட்டுக்காரர்:
என் வீட்டுக் காகிதத்தை உங்களிடம் காட்டணும் என்று அவசியம் இல்லை.

வாடகைவாசி:
ஆக, பதிவு செய்யவில்லை. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டைக்காரன்:
ரெண்டு பேருமே தப்பு. 2021-இல் வந்த சட்டப்படி இரண்டு மாதம்தான்.

வாடகைவாசி:
அது மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுத்த மாதிரிச் சட்டம். இங்கே ஓடுவது 2017 சட்டம். போன வருஷம் தண்ணீர் லாரி விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் வந்து குழப்பிவிட்டுப் போனீர்கள். மூன்று மாதம். இரண்டும் இல்லை, பத்தும் இல்லை.

குரோம்பேட்டைக்காரன்:
அன்றைக்கு நான் சொன்னதுதான் சரி. லாரிக்காரரிடம் நேரில் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். நீங்கள்தான் பதில் சொல்லாமல் ஓடினீர்கள்.

வாடகைவாசி:
நான் ஓடவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அதைத் தெரிந்துகொண்டே இப்படி எழுதுகிறீர்கள்.

மாடிவீட்டுக்காரர்:
தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. கோடையில் லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டுவது யார்? நான். குடியிருக்கிறவர் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்ப்பார்.

வாடகைவாசி:
சும்மாவா தருகிறீர்கள்? மெயின்டனன்ஸ் என்று மாதம் தனியாக வாங்குகிறீர்கள். கரண்டுக்கு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கணக்குப் போடுகிறீர்கள். வீடுகளுக்கு முதல் நூறு யூனிட் இலவசம். அந்த இலவசம் குடியிருக்கிறவர் கைக்கு என்றைக்காவது வந்திருக்கிறதா?

மாடிவீட்டுக்காரர்:
நான் சப் மீட்டர் வைத்திருக்கிறேன் என்று உங்களிடம் சொன்னேனா? யாரோ செய்ததை என் தலையில் கட்டாதீர்கள். 26 வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய வீடு. உங்களுக்கு அது வெறும் சுவர்.

நங்கநல்லூர் மீனா:
ஒரு விஷயம் சொல்லுங்கள். அட்வான்ஸில் பாதியை ரொக்கமாகக் கொடுத்தோம், ரசீது வாங்கவில்லை. ஒப்பந்தத்திலும் பாதித் தொகைதான் எழுதியிருக்கிறது. இப்போது முழுப் பணத்தையும் கேட்க என்ன வழி?

வாடகைவாசி:
மாடிவீட்டுக்காரரே, சுவரைப் பற்றி நான் பேசவே இல்லை. பேச்சை மாற்றாதீர்கள். 11-ஆம் பிரிவு. மூன்று மாதம்.

மாடிவீட்டுக்காரர்:
அதே பிரிவுதான். ஆரம்பத்திலிருந்து படியுங்கள்.