வைட்டமின் டி மாத்திரை புராஸ்டேட்டுக்கும் உதவுமா?

பெரம்பூர் வாசகர்:
வணக்கம். 64 வயதாகும் என் அப்பா இரவில் சிறுநீர் கழிக்கப் பலமுறை எழுகிறார். பரிசோதனையில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம் மட்டுமே இருந்ததால், வாரம் ஒரு முறை 60,000 யூனிட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இது புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோயையும் தடுக்கும் என்று உறவினர் உறுதியாகக் கூறுகிறார். நம்பலாமா?

அடையாறு வாசகர்:
இருபதுக்குக் கீழே இருப்பது குறைபாடுதான். எலும்பின் நலனுக்காக அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். புற்றுநோயைத் தடுக்கும் என்பது வேறு விஷயம். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் முடிவுகள் வெளியான வைட்டல் ஆய்வில், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தினமும் 2,000 யூனிட் உட்கொண்ட ஆண்களுக்கும் வெற்று மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் இடையே புராஸ்டேட் புற்றுநோய் ஏற்படுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

மயிலாப்பூர் வாசகர்:
ஐயா, இரவில் எழுவதற்கான காரணத்தைத் தனியே கண்டறியுங்கள். புராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம், சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். சிறுநீரகவியல் மருத்துவரிடம் காட்டி, பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனை), ஸ்கேன், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. மருத்துவர் சொன்ன வாரங்களுக்கு மேல் அந்த மாத்திரையைத் தொடர வேண்டாம். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் உயர்ந்து, அதனாலேயே சிறுநீர் அதிகமாகப் போகும்.

தாம்பரம் வாசகர்:
சென்னை வெயிலில் இருந்தும் குறைபாடா என்று வியக்க வேண்டாம். வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதா பி கதிர்கள் விடியற்காலை நடைப்பயிற்சி நேரத்தில் மிகக் குறைவு.