ஓனர்-கம்-டிரைவரா முதல் வண்டி எடுத்தவங்க, பணம் எங்கே மாட்டுச்சுன்னு சொல்லுங்க

ராசிபுரம், சம்பள டிரைவர்:

அண்ணன்களே, 12 வீல் பழசு ஒண்ணு விலைக்கு வருது. 22 லட்சம் சொல்றாங்க. என்கிட்ட 5 இருக்கு, மீதி 17 பைனான்ஸ். 48 மாசம், டியூ 46,750 வரும்னாங்க. கட்டிரலாம்னு தோணுது. சொந்தமா எடுத்து ஓட்டினவங்க எங்கே அடிபட்டீங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

சங்ககிரி, சொந்த வண்டி:

தம்பி, அவங்க சொன்ன டியூ 8 சதவீதம் பிளாட் வட்டிக் கணக்கு, அதாவது அசல் குறையக் குறையவும் முழுக் கடனுக்கே கடைசி வரைக்கும் வட்டி. குறையுற பாக்கிக்குப் போட்டுப் பார்த்தா 14 சதவீதத்துக்கு மேல வரும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அது தெரிஞ்சிருக்கணும். ஆனா எனக்குப் பயம் டியூ மேல இல்லை. இருக்கற 5 லட்சத்தையும் முன்பணத்துல போட்டுட்டா முதல் நடைக்கு டீசல் எந்தக் காசுல அடிப்பீங்க?

நான் சேலத்துல ஜவ்வரிசி ஏத்தி மகாராஷ்டிரா போற லைன். வாடகை 70,000 பேசினா, லோடு ஏறினதும் 80 சதவீதம் அட்வான்ஸ். கமிஷன், ஏத்துக்கூலியெல்லாம் அதுலயே பிடிச்சுக்குவாங்க. நாசிக் 1,250 கிலோமீட்டர் கிட்ட வரும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தாலும் 300 லிட்டருக்கு மேல டீசல். டோல் பாஸ்டேக்ல அந்தந்த இடத்துலயே போயிடும். மீதி 14,000 எப்ப வரும்? சரக்கு இறங்கினதுக்கு எல்.ஆர்.ல (லோடு ரசீதுல) சீல் வாங்கிட்டு வந்து கொடுத்தப்புறம். அதுக்கும் "பார்ட்டி இன்னும் போடலீங்க"ன்னு ஒரு மாசம் இழுப்பாங்க. மூட்டை ஒண்ணு கிழிஞ்சிருந்தா ஷார்ட்டேஜ்னு அதுலயே கழிவு. இப்படி மூணு நடை பேலன்ஸ் வெளியே நின்னா 42,000 ரூபாய். உங்க டியூ கிட்டத்தட்ட அவ்வளவுதான். உழைச்ச பணம்தான், ஆனா டியூ தேதிக்கு உங்க கையில இருக்காது. சம்பளத்துக்கு ஓட்டறப்ப இந்தப் பக்கம் நமக்குத் தெரியறதில்லை, முதலாளி தலையில இருக்கும்.

இது எவ்வளவு தூரம் போகும்னு ஒண்ணு சொல்றேன். 2023 ஆகஸ்ட்ல வெங்காயத்துக்கு 40 சதவீதம் ஏற்றுமதி வரி போட்டாங்க. நாசிக் வியாபாரிங்க எதிர்த்து ஏலத்தை நிறுத்தினாங்க. செப்டம்பர் கடைசியில ரெண்டாவது தடவை நிறுத்தினப்ப நான் பிம்பல்காவ்ல வண்டியோட நின்னேன். ரிட்டர்னுக்கு வெங்காயத்தை நம்பி வந்த நம்ம ஊர் வண்டிங்க ரோட்டோரம் வரிசையா நின்னுச்சு. சைடு பெட்டியைத் திறந்து ஸ்டவ்வைப் பத்தவெச்சு சோறும் ரசமும் ஆக்குவோம். ராத்திரி டீசல் திருடுவாங்கன்னு டேங்க் பக்கமே பாய் போட்டுப் படுப்போம்.

பக்கத்து வண்டிக்காரர் திருச்செங்கோடு. வண்டி எடுத்துப் புதுசு, என்னைவிட நல்லா ஓட்டறவர். டியூ தேதி நெருங்கிருச்சு, பைனான்ஸ்ல இருந்து போன் வந்துட்டே இருக்கு. புரோக்கர் ஒருத்தர் பெங்களூருக்கு இரும்பு லோடு ஒண்ணு சொன்னார். டீசலுக்கும் டோலுக்கும் மட்டும்தான் கட்டும், டயர் தேய்மானத்துக்குக்கூட மிஞ்சாது. அதே லோடை என்கிட்டயும் கேட்டாங்க. பேங்க்ல ரெண்டு டியூவுக்கான பணத்தைத் தொடாம வெச்சிருந்தேன், வேண்டாம்னுட்டேன். காலி வண்டியைப் புனே பக்கம் சாகன் வரைக்கும் ஓட்டிட்டுப் போய், ஓசூருக்குக் கார் பார்ட்ஸ் ஏத்தினேன். வாடகை ஓரளவு நின்னுச்சு. அவரால மறுக்க முடியலை, இரும்பை ஏத்திட்டுப் போனார்.

டியூ தேதி கிட்ட வந்தவரைப் புரோக்கர் பேச்சை வெச்சே கண்டுபிடிச்சுடுவார். அப்புறம் சொல்றதெல்லாம் அடிமாட்டு வாடகைதான். கையில காசு இருக்கணும்னு நான் கெஞ்சிக் கேட்கறது ஆபத்து அவசரத்துக்காக மட்டும் இல்லை, இந்த லோடு வேண்டாம்னு சொல்றதுக்காக. 3 லட்சம் முன்பணத்துக்குள்ள அடங்கற மாதிரி விலை குறைஞ்ச 10 வீல் பாருங்க, 2 லட்சத்தை வீட்டுலகூட யாருக்கும் சொல்லாம பேங்க்ல போட்டு வைங்க.

ஈரோடு, முன்னாடி பைனான்ஸ் கலெக்‌ஷன்ல இருந்தவர்:

அண்ணன் சொன்னது நிஜம். வசூலுக்குப் போற எங்களுக்கு ஒரு வண்டி தடுமாறப் போகுதுன்னு முதல்ல தெரியறது டியூ தவறும்போது இல்லை. இன்சூரன்ஸ் கட்டவும் டயர் போடவும் இருக்கற கடன் மேலயே டாப்-அப் லோன் கேட்டு வருவாங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுடும். சரக்கோட சேர்த்து 20 டன்ல இருந்து 40 டன் வரைக்கும் எடை வர்ற வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் மட்டும் 2022 ஜூன்ல 43,950 ஆச்சு. நேஷனல் பர்மிட்டுக்கு வருஷம் 16,500. ரேடியல் டயர் ஒண்ணு 20,000-க்கு மேல, 12 வீலுக்கு எத்தனை டயர்னு உங்களுக்கே தெரியும். இதெல்லாம் மாசக் கணக்குல வராது, வர்றப்ப மொத்தமா வரும். அதுக்குன்னு மாசாமாசம் எடுத்து வைக்காதவங்க கடனுக்கு மேல கடன் வாங்கி, கடைசியில வண்டி சீஸ் ஆகி யார்டுல நிக்கறதைப் பார்த்திருக்கேன். சாவியைக் கொடுக்கறப்ப சாமி படத்தைக் கழட்டி எடுத்துக்கறேன்னு கேட்பாங்க. அந்த வேலையை நான் விட்டதுக்கு அதுதான் காரணம்.

பழைய வண்டின்னா வயசைப் பாருங்க. ரெண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வருஷம், அதுக்கு மேல ஆக்சில் உள்ள மல்டி ஆக்சிலுக்கு 15 வருஷம் தாண்டினா நேஷனல் பர்மிட் கிடைக்காது. 8 வருஷத்துக்கு மேல எஃப்.சி. (தகுதிச் சான்று) வருஷா வருஷம். கடன் முடியறதுக்குள்ள பர்மிட் வயசு முடிஞ்சுட்டா லோக்கல்ல மண்ணும் ஜல்லியும் அடிச்சுத்தான் டியூ கட்டணும். இ-சலான் பாக்கி, டாக்ஸ் பாக்கி, எச்.பி. கேன்சல் (பழைய பைனான்ஸ் பேரை ஆர்.சி.யில இருந்து எடுத்தாச்சான்னு) எல்லாம் அரசோட வாகன் தளத்துல பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க. ஆர்.சி.யில எத்தனை டன் போட்டிருக்கோ அதை மட்டும் ஏத்துங்க. ஓவர்லோடு பிடிச்சா 20,000, அதுக்கு மேல டன்னுக்கு 2,000, கூடுதல் சரக்கை இறக்கற செலவும் உங்களோடது.

டியூ தவறினா அபராத வட்டியை அசலோட சேர்த்து வட்டிக்கு வட்டி போடறது முன்னாடி வழக்கம். 2024 ஏப்ரல்ல இருந்து ரிசர்வ் வங்கி அதைத் தடுத்திருக்கு. ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கிப் பாருங்க.

திருச்செங்கோடு:

நான் ஓட்டறவ இல்லை, ஒரு வண்டிக்காரரோட தங்கச்சி. அண்ணனுக்குப் பழைய பைக் லோன்ல சிபில் கெட்டுப் போச்சு. அதனால லாரியை அண்ணி பேர்ல எடுத்தோம், நாங்க எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணினது. சித்ரதுர்கா பக்கம் விபத்துல அண்ணன் போயிட்டார். பாலிசியில ஓனர்-டிரைவருக்கு 15 லட்சம்னு போட்டிருந்தது. அண்ணன் ஓனர் இல்லை, அண்ணிக்கு லைசென்ஸ் இல்லைன்னு மறுத்துட்டாங்க. கேஸ் நடக்குது. டியூ நிக்கலை, அண்ணி கட்டிட்டு இருக்காங்க.

யார் ஓட்டப் போறாங்களோ அவங்க பேர்ல ஆர்.சி. போடுங்க தம்பி. முடியலைன்னா ஓட்டறவருக்குத் தனியா விபத்து பாலிசி ஒண்ணு எடுத்துட்டு அப்புறம் வண்டியை ரோட்டுல இறக்குங்க. கடனுக்கு இன்சூரன்ஸ் பிடிச்சோம்னு பைனான்ஸ்ல சொன்னா, அது யார் உயிருக்குன்னு பேரைப் படிச்சுப் பாருங்க. எங்களோடதுல அண்ணி பேர்தான் இருந்துச்சு.

ராசிபுரம், சம்பள டிரைவர்:

அக்கா, படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியலை. மாமனார் பேர்ல எடுக்கலாம்னு வீட்டுல பேச்சு இருந்துச்சு. இனி என் பேர்லதான். 12 வீலை விட்டுட்டேன். சேலத்துல ஒரு 10 வீல் இருக்குன்னு சொல்றாங்க, 14 லட்சம். முன்பணம் 3 போட்டா மீதிக்கு டியூ 30,000 சுத்தி வரும்.

சங்ககிரி, சொந்த வண்டி:

நல்ல முடிவுங்க தம்பி. அந்த அக்காவுக்கு நம்ம பக்கம் வக்கீல் உதவி ஏதாவது வேணும்னா தனியா எழுதச் சொல்லுங்க, எங்க லாரி ஓனர்ஸ் சங்கத்துல கேட்டுப் பார்க்கறேன்.

இன்னொண்ணு. 10 வண்டி வரைக்கும் வெச்சிருக்கற நம்ம மாதிரி ஆளுங்க பான் நம்பரோட டிக்ளரேஷன் எழுதிக் கொடுத்தா வாடகையில டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) பிடிக்கக்கூடாது. முதல் லோடு ஏத்தறப்பவே அந்தப் பேப்பரைக் கொடுத்துடுங்க, பேலன்ஸ்ல கழிச்சுட்டு அப்புறம் பேசறது வீண்.

சேலம் வண்டியைப் பார்க்கப் போறப்ப கூப்பிடுங்க, நானும் வர்றேன். காலையில எஞ்சின் ஆறிக் கிடக்கறப்ப பார்க்கணும். நாம வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம்னு விக்கறவர்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க.