'ஹைட்ரஜன்-ரெடி'க்குத் தமிழில் என்ன?

ஈசூன் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். உயர்நிலை மூன்று மாணவர்களுக்குச் சிங்கப்பூரின் மின்சாரம் பற்றி ஒரு பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது, கரிம வரி (வெளிவிடும் கரியமில வாயுவுக்குக் கட்டும் வரி) 2019இல் டன்னுக்கு 5 வெள்ளி, 2024இல் 25, 2026இல் 45, 2030க்குள் 50 முதல் 80 வரை என்பது வரை எழுதிவிட்டேன். அப்புறம்தான் இடிக்கிறது. புதிதாகக் கட்டும் எரிவாயு மின்நிலையம் 'ஹைட்ரஜன்-ரெடி'யாக இருக்கவேண்டும் என்பது விதி. 'ஹைட்ரஜனுக்குத் தயாரான மின்நிலையம்' என்று போட்டேன். ஒரு மாணவி, "அப்போ இப்பவே ஹைட்ரஜன்தான் எரியுதா டீச்சர்?" என்கிறாள்.

சேலத்துக் கிழவன்:
அம்மா, முதலில் ஹைட்ரஜனை விடுங்கள். வடவெழுத்தையே ஒரீஇ, அதாவது விலக்கி, எழுதச் சொன்ன தொல்காப்பியர் வழியில் வந்துவிட்டு ஹகரத்தில் தொடங்குவதா? நீரகம் என்போம். அந்த கிரேக்கப் பெயருக்கும் நீரை ஆக்குவது என்றுதானே பொருள். தயாரும் நம்முடையது அன்று. அரபியில் பறப்பதைக் குறித்த சொல், வேட்டைக்குப் பறக்க நிற்கும் வல்லூறைச் சொல்லப்போய், உருது வழியாக நம் வாய்க்கு வந்தது என்பார்கள். ஆயத்தம் வடசொல். 'அணியம்' இருக்கிறதே! நீரக அணிய மின்நிலையம்.

கோண்டாவிலான்:
ஐயா, இலங்கையில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஐதரசன் என்றே படித்தோம், ஹகரமும் இல்லை, சண்டையும் இல்லை. நீரகம் என்றால் பிள்ளைகளுக்குச் சிறுநீரகம்தான் ஞாபகம் வரும்.

ஈசூன் டீச்சர்:
வந்துவிட்டது. இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், பின்வரிசை முழுக்கச் சிரிப்பு.

வழுதூரான்:
டர்பைன் பக்கத்தில் பல வருடம் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெயர் வைக்கும் முன் பொருளைப் பாருங்கள். கன அளவில் 30 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்து எரிக்க முடியவேண்டும், பின்னாளில் மாற்றியமைத்து 100க்குப் போக வழி இருக்கவேண்டும், விதி கேட்பது இதைத்தான். ஹைட்ரஜன் எங்கிருந்து வரும், என்ன விலைக்கு வரும் என்பது வேறு கதை. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜனில் எரிவாயுவின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது, அதனால் 30 கலந்தாலும் கரியமில வாயு 11 விழுக்காடு அளவுக்குத்தான் குறையும். தழலோ மீத்தேனைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும், அசந்தால் பர்னர் முனைக்குள்ளேயே திரும்பிப் புகுந்து கருக்கிவிடும். அதற்குத்தான் முனையை முன்கூட்டியே வேறு மாதிரி செய்கிறார்கள். இந்த 'ரெடி' இயந்திரத்தின் தாங்கும் திறன், அவ்வளவுதான்.

சேலத்துக் கிழவன்:
அப்படியானால் வினைத்தொகை போடுங்கள். நீரகம் எரிநிலையம். ஊறுகாய் மாதிரி, எரித்த, எரிக்கின்ற, எரிக்கும், மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கும்.

வழுதூரான்:
அதுதானே ஐயா வம்பு! ஜாடியைத்தான் வாங்கி வைத்திருக்கிறார்கள், மாங்காய் இன்னும் பிஞ்சுகூட விடவில்லை, நீங்கள் ஊறுகாய் என்று சீட்டு ஒட்டச் சொல்கிறீர்கள்.

கோண்டாவிலான்:
'ஏற்கவல்ல' சரிவரும். ஐதரசன் ஏற்கவல்ல மின்நிலையம். வல்லமை மட்டும்தான், வாக்குறுதி இல்லை. அது சரி, கரிம வரி என்கிறீர்களே, நாங்கள் காபன் என்போம், கரி வேறு காபன் வேறு அல்லவா?

ஈசூன் டீச்சர்:
ஐயா, கரிக்குள் இறங்காதீர்கள். நேற்று டர்பைன் விசையாழியா சுழலியா என்று ஏழு மடல் போனது, நான் படம் வரைந்த பெட்டியில் இரண்டுக்குமே இடமில்லை. 'ஹைட்ரஜன் ஏற்கவல்ல' என்று போடுகிறேன். மூன்று பேர் சரி என்றுவிட்டீர்கள்.

சேலத்துக் கிழவன்:
நான் சரி சொல்லவில்லை. ஏற்க, அல்ல, நடுவில் வகர உடம்படுமெய். 'ஏற்கவல்ல' என்பதை 'ஏற்பதற்கு உரியன அல்ல' என்று ஒருவன் பிரித்தால் என்ன செய்வீர்கள்?

வழுதூரான்:
எந்தப் பிரிப்பு சரி என்று ஹைட்ரஜன் விலையைப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

ஈசூன் டீச்சர்:
'ஏற்க வல்ல' என்று இடைவெளி விட்டு அச்சுக்கு அனுப்பியாயிற்று. எல்லாருக்கும் நன்றி.

சேலத்துக் கிழவன்:
அணியத்தை அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம்.